நாலாம் நம்பர் தாத்தாவுக்குக் கேதம்

கோணக்கரைப்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லித் திரிவார்கள். அதெல்லாம் வயிற்றெரிச்சல். மூளை எல்லோருக்கும் இருந்தது. அநாவசியமாக அதை எடுத்துச் செலவு செய்கிற பழக்கம் மட்டும் அவர்களுக்குக் கிடையாது. அந்த ஊரில் பொம்முராசு என்று ஒருவன். வயது நாற்பத்தொன்று. இருபத்துமூன்று வீடுகளில் பெண் பார்த்து, இருபத்துமூன்று வீட்டிலும் கேசரி பஜ்ஜி சாப்பிட்டு, "பையனுக்கு வயசு கூடிப்போச்சுங்களே" என்ற ஒரே பதிலை வாங்கிக்கொண்டு வந்தவன்.

இருபத்துநாலாவது வீட்டில்தான் கதவு திறந்தது. வேலம்பாறை காளிச்சாமி, பருத்தி மண்டியில் எடை போடுகிறவர், கணக்கில் புலி. அவருக்கும் வயது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் பொம்முராசுவுக்கு இரண்டு ஏக்கர் தென்னையும் வற்றாத கிணறும் இருந்ததால் மகள் செல்லக்கனியைக் கொடுக்கச் சம்மதித்தார். ஒரே ஒரு பேச்சு மட்டும் கறாராகச் சொன்னார். பதினைந்தாம் தேதி முகூர்த்தத்தில் தன் மகள் கழுத்தில் தாலி ஏறியாக வேண்டும். மாப்பிள்ளை பக்கம் ஏதாவது தடங்கல் என்றால், தங்கச்சி மகன் துரைச்சிங்கம் இருக்கிறான், வயது முப்பதுதான், வேட்டிக்குக் கஞ்சி போட்டு வைத்துக்கொண்டு தயாராக இருக்கிறான் என்றார்.

அன்றிலிருந்து பொம்முராசு தும்மலைக்கூட அடக்கிக்கொண்டான். தடங்கல் எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று பார்த்துப் பார்த்துக் காலை வைத்தான். பாவம், அது தபாலில் வந்தது.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஊராட்சிக்கு ஒரு கடிதம். பட்டணத்தில் 'கல்லும் காலமும் ஆய்வு வட்டம்' என்று ஒன்று இருக்கிறதாம், அவர்கள் எழுதியிருந்தார்கள். கோணக்கரைப்பட்டிக் கரட்டுக் குன்றின் மேல் நாலு கல்திட்டைகள் இருக்கின்றன, அதாவது பலகைக் கல்லை நாலு பக்கமும் நிறுத்தி மேலே ஒரு பாறையை மூடி வைத்த பழைய கட்டடங்கள், அவற்றைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதி, இரண்டு பக்கத்துக்குத் தாளை நிறைத்திருந்தார்கள்.

தலைவர் ஊரில் இல்லை. கடிதம் வார்டு உறுப்பினர் சீலமுத்து கைக்குப் போனது. சீலமுத்து பொம்முராசுவுக்குப் பெரியப்பா முறை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மணமேடையில் தகப்பன் இடத்தில் நிற்கப் போகிறவர். அவர் "வாடா கரட்டுக்கு" என்றால் பொம்முராசு மறுக்க முடியுமா? படம் பிடிக்க ஜக்கையன் வந்தான். அவன் கல்யாண வீட்டு போட்டோக்காரன், பொம்முராசுவுக்கு மச்சான். இன்னொருவன் மொக்கையன், ஒன்றுவிட்ட அண்ணன். அவனை யாரும் கூப்பிடவில்லை. நாலு கல்லுக்கு நாலு பேர் என்று அவனே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

சீலமுத்துவிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்தக் கடிதத்தையும் மொத்தமாகப் படிக்க மாட்டார். ஒரு வரி படிப்பார், அதை முடிப்பார், அப்புறம்தான் அடுத்த வரி. மொத்தமாகப் படித்தால் வேலைகள் மண்டைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பது அவர் அனுபவம்.

ஏறு வெயிலில் மேலே போய்ச் சேர்ந்தார்கள். மூன்று திட்டைகள் சரிந்து கிடந்தன. நாலாவது ஒன்றுதான் முழுசாக நின்றது. உள்ளே நடுவில் ஒரு கல் சுவர் வைத்து, இரண்டு அறையாகப் பிரித்திருந்தது. மேல் பாறையில் ஒரு வெள்ளாடு நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. சீலமுத்து முதல் வரியைப் படித்தார். திட்டையை நான்கு திசைகளிலும் படம் எடுக்க வேண்டும் என்றிருந்தது.

ஜக்கையன் இருபது வருஷமாக மணமேடைக்கு எதிரே ஒரே இடத்தில் நின்று படம் பிடித்துப் பழகியவன். நகர வேண்டியது எதிரே இருப்பவர்கள்தான். ஒரு படம் எடுத்துவிட்டு, "கொஞ்சம் அப்படியே இடது பக்கம் திரும்புங்க" என்று திட்டையிடம் சொன்னான். திட்டை திரும்பவில்லை. பெண் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இப்படித்தான், எத்தனை தடவை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று அவன் பொறுமையாகவே இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். மொக்கையன்தான் வழி சொன்னான். கல் திரும்பாவிட்டால் என்ன, ஜக்கையன் திரும்பலாமே. அப்படியே ஜக்கையன் நின்ற இடத்திலேயே நாலு திசையும் திரும்பி நாலு படம் எடுத்தான். ஒன்றில் திட்டை விழுந்தது. மற்ற மூன்றில் தூரத்து மலையும், ஒரு கருவேல மரமும், சீலமுத்துவின் வயிறும் விழுந்தன. முதல் வரி முடிந்தது என்று சீலமுத்து பேனாவால் கோடு போட்டார்.

அடுத்த வரி, அளவு தெரிவதற்காக ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னது. பொம்முராசு போய் நின்றான். ஜக்கையனுக்கு இப்போதுதான் வேலை ருசித்தது. தாடையைத் தூக்கு மாப்ள, தோளை இறக்கு, லேசாகச் சிரி, பல் தெரிய வேண்டாம் என்று முப்பது படம் பிடித்தான். பொம்முராசுவின் முகம் ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்திருந்தது. காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தெரிந்ததே, அதுதான் திட்டை.

மூன்றாவது வரி வந்ததும் சீலமுத்துவின் முகம் மாறியது. எதையும் தொடாமல், நகர்த்தாமல், கண்டது கண்டபடி எடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. கண்டபோது மேலே ஆடு நின்றது. பொம்முராசு பக்கத்தில் போனதும் அது குதித்து இறங்கிப் போய்விட்டது.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாலு பெரிய மனிதர்கள் இரண்டு மணி நேரம் அந்த ஆட்டைத் துரத்தினார்கள். முள்ளில் வேட்டி கிழிந்தது, மொக்கையன் இரண்டு தரம் விழுந்தான். ஒருவழியாகப் பிடித்து மேலே ஏற்றினால், ஆடு மேற்கே பார்த்து நின்றது. கண்டபோது அது கிழக்கேதான் பார்த்தது, தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார் சீலமுத்து. திருப்பி நிறுத்தப் போனபோது ஆடு மறுபடி ஓடிவிட்டது. கடைசியில் மொக்கையனையே மேலே ஏற்றி, கைகாலை ஊன்றிக் கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னார்கள். கல்லைத் தொடக் கூடாது என்றிருக்கிறதே என்று பொம்முராசு கவலைப்பட்டான். மொக்கையன் இப்போது மொக்கையன் கணக்கில் நிற்கவில்லை, ஆட்டின் கணக்கில் நிற்கிறான், ஆடு முதலிலேயே தொட்டுக்கொண்டுதான் இருந்தது என்று சீலமுத்து தீர்ப்புச் சொன்னார். மொக்கையன் வாயை மட்டும் மென்றுகொண்டே இருந்தான். அவனுக்குத் தொழில் பக்தி அதிகம்.

அந்தப் பக்கத்தின் கடைசி வரி, முன் கல்லில் உள்ள வட்ட ஓட்டை வழியாக உட்புறத்தையும் எடுக்கச் சொன்னது. ஒரு தலை நுழைகிற அளவு ஓட்டை. அடுத்தவர் வீட்டுக்குள் சும்மா தலையை நீட்டலாமா? மொக்கையன் ஓட்டை முன்னால் நின்று தொண்டையைச் செருமி, உள்ளே யாருங்க என்று குரல் கொடுத்தான். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டான். வா என்று சொல்ல ஆளில்லை. வேறு வழி இல்லாமல் ஜக்கையன் கேமராவை உள்ளே விட்டு ஒன்று எடுத்தான். இருட்டு நன்றாக விழுந்திருந்தது.

வேலை முடிந்த நிம்மதியில் உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றார்கள். தின்றுவிட்டுக் கை துடைக்கத் தாளைத் திருப்பியபோதுதான் சீலமுத்து இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். அவருடைய கை அப்படியே நின்றது.

"என்ன பெரியப்பா?" என்றான் பொம்முராசு.

சீலமுத்து மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "இவை உங்கள் முன்னோரைப் புதைத்த இடங்கள். கல்திட்டை எண் நான்கு, மூவாயிரம் ஆண்டுகள்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "டேய், இது கேத வீடுடா."

நாலு பேரும் எழுந்து நின்றார்கள். எல்லாம் சரியாகப் பொருந்தி வந்தது. சாவு விழுந்த வீட்டில்தான் வந்தவர்களை வா என்று சொல்ல மாட்டார்கள். மொக்கையன் இரண்டு தரம் கூப்பிட்டும் ஒருத்தர் வா என்று சொல்லவில்லையே. இழவு வீட்டு வாசலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றிருக்கிறோம், சிரித்துக்கொண்டு முப்பது போட்டோ எடுத்திருக்கிறோம் என்று ஜக்கையன் தலையில் அடித்துக்கொண்டான். பொம்முராசுவுக்கு வேறு விஷயம் உறைத்தது. பங்காளி வீட்டில் சாவு என்றால் பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரைக்கும் தீட்டு. தீட்டுக்குள் தாலி கட்ட முடியாது.

"இறந்தவுக என்னைக்கு இறந்தாகன்னு போட்டிருக்கா?" என்று கேட்டான்.

சீலமுத்து கடிதத்தின் தலையைப் பார்த்தார். இரண்டாம் தேதி போட்டிருந்தது. சாவுச் சேதியை யாராவது ஆறப்போட்டு எழுதுவார்களா? இரண்டாம் தேதிதான் உயிர் போயிருக்க வேண்டும். மொக்கையன் விரல் விட்டு எண்ணினான். பதினாறாம் நாள் பதினேழாம் தேதி விழுந்தது. கல்யாணம் பதினைந்து. இரண்டே இரண்டு நாள் இடித்தது.

பொம்முராசு விடவில்லை. அவன் வாழ்க்கையில் அன்றைக்குப் பேசியதுபோல் அதற்கு முன்னால் பேசியதே இல்லை. முன்னோர் என்றால் பங்காளியாகத்தான் இருக்க வேண்டுமா, மாமன் மச்சான் வழியாகவும் இருக்கலாமே, சம்பந்தி வீட்டுச் சாவுக்கு நமக்குத் தீட்டு இல்லையே, ஒரு கோடித்துணி எடுத்துப் போர்த்திவிட்டு வந்தால் தீர்ந்ததே என்று வாதாடினான். சீலமுத்து நியாயஸ்தர். எழுந்து போய், ஓட்டை வழியாகத் தலையை விட்டு உள்ளே வெகுநேரம் பார்த்தார். தலையை வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் சந்தேகமே இல்லை.

"நடுவுல சுவர் வச்சுருக்கான்," என்றார். "மாமன் மச்சான் எதுக்குடா நடுவுல சுவர் வைக்கப்போறான்? பங்காளிதான்."

பொம்முராசு கல்லில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். இருபத்துமூன்று வீட்டில் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தவன் அங்கே வாய்விட்டு அழுதான். மற்ற மூன்று பேருக்கும் மனசு தாங்கவில்லை. ஆனாலும் அவன் அழுகிறது நல்லதுதான், பங்காளி முறைக்கு ஒருவராவது அழுதோம் என்று இருக்கட்டும் என்று சீலமுத்து சமாதானப்பட்டுக்கொண்டார்.

கடைசியில் மொக்கையன்தான் மெல்லச் சொன்னான். கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் சாவுச் சேதி வந்தால் தாலி ஏறுகிற வரைக்கும் மறைத்து வைப்பது ஊர் வழக்கம்தானே. சேதி காதில் விழாதவர்களுக்குத் தீட்டு கிடையாதே.

"யாருகிட்ட மறைக்கிறது? தெரிஞ்சதே நம்ம நாலு பேருக்குத்தானே," என்றார் சீலமுத்து.

"அப்ப நம்மகிட்டதான் மறைக்கணும்," என்றான் மொக்கையன்.

இதில் ஒரு குறையும் யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்திலேயே ஏற்பாடு ஆனது. சீலமுத்து மற்ற மூன்று பேரிடமும் விஷயத்தைச் சொல்லக் கூடாது. அந்த மூன்று பேரும் சீலமுத்துவிடம் மூச்சு விடக் கூடாது. படங்களை அனுப்பினால் சேதி தெரிந்துவிட்டது என்று பட்டணத்துக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், அதனால் அதையும் நிறுத்தி வைத்தார்கள். கடிதத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிப் பழையபடி மூடினார்கள். கேத வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால், திட்டையைத் திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொருவராக நழுவி இறங்கினார்கள்.

ஒன்பது நாளும் நன்றாகவே மறைத்தார்கள். வழியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நாலு பேருக்குள் ஏதோ சண்டை என்று ஊரே பேசிக்கொண்டது.

பதினைந்தாம் தேதி வேலம்பாறைக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். பொம்முராசு பட்டு வேட்டியும் மாலையுமாக மணையில் உட்கார்ந்தான். முதல் வரிசையில் துரைச்சிங்கம் கஞ்சி போட்ட வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்து, மாப்பிள்ளை எப்போது இருமுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தான். செல்லக்கனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பொம்முராசு அவள் பக்கம்கூடத் திரும்பவில்லை. அவன் கண் முழுக்க எதிரே நின்ற மொக்கையன் மேலேயே இருந்தது. மொக்கையனின் கீழ் உதடு துடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், மூணே மூணு முடிச்சு, அண்ணே பொறுத்துக்கங்க என்று பொம்முராசு கண்ணாலேயே கெஞ்சினான்.

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். மொக்கையன் முன்னால் தட்டு வந்ததும் அவனால் அதற்கு மேல் முடியவில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எங்க நாலாம் நம்பர் தாத்தாவே, இந்தக் கல்யாணத்தைப் பாக்காமப் போயிட்டீகளே!"

மேளம் நின்றது. சீலமுத்துவும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஜக்கையன் அழுதுகொண்டே படம் எடுத்தான். துரைச்சிங்கம் எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்துகொண்டான். பொம்முராசுவுக்கு உயிரே போய்விட்டது. போச்சு, இருபத்துநாலும் போச்சு என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

காளிச்சாமி சீலமுத்துவின் முன்னால் வந்து நின்றார். "யாரு தவறிப்போனது? பங்காளியா?"

சீலமுத்து பொய் சொல்லத் தெரியாதவர். பங்காளிதான் என்றார்.

"என்ன வயசு?"

சீலமுத்து மடியிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்துச் சொன்னார். "மூவாயிரம்."

காளிச்சாமியின் முகம் தெளிந்தது. தொண்ணூறு வயதில் போனாலே கல்யாணச் சாவு என்று பேரன் பேத்திகள் மேளம் வைத்து ஆடிக்கொண்டு தூக்கிப் போவார்கள். மூவாயிரம் வயது வரைக்கும் இருந்து போனவருக்கு என்ன தீட்டு, அது கொடுப்பினை, ஏன் மேளத்தை நிறுத்தினீர்கள், வாசியுங்கள் என்று அதட்டினார். நாதஸ்வரக்காரர் இன்னும் பலமாக ஊதினார். பொம்முராசு கண்ணைத் திறந்தான். துரைச்சிங்கம் உட்கார்ந்தான்.

ஆனால் காளிச்சாமி நகரவில்லை. விரல் கணுக்களில் ஏதோ எண்ணிக்கொண்டு நின்றார். சொன்னேனே, மனுஷன் கணக்கில் புலி என்று.

"இருங்க," என்றார். "நம்ம ஆளுகளுக்கு ஆயுசு எழுபத்தஞ்சு. உங்க வம்சத்துக்கு மூவாயிரம். நாப்பது மடங்கு. அப்ப மாப்பிள்ளையோட நாப்பத்தொண்ணை நாப்பதால வகுத்தா..." அவர் குரல் அடங்கிப் போனது. "ஒரு வயசுதானே வருது. பால்குடி மறக்காத பிள்ளைக்கா என் மகளைக் கட்டிக்கொடுக்கப் பாத்தேன்?"

கணக்கில் தப்பே இல்லை. ஒரு கிழவி பொம்முராசுவைப் பார்த்து, அதானே பார்த்தேன், முகத்தில் பால் வடியுது என்றாள். துரைச்சிங்கம் மறுபடி எழுந்து, இந்தத் தடவை செருப்பையும் கழற்றிவிட்டு மேடைப் பக்கம் நடந்து வந்தான். பொம்முராசுவோ, உங்களிடம் சொல்வதற்கென்ன, தன் நிலைமையே மறந்து உட்கார்ந்திருந்தான். வயது பத்தாது என்று ஒருத்தர் வாயால் கேட்பதற்கு அவன் நாற்பத்தொரு வருஷம் காத்திருந்திருக்கிறான். அவனுக்குக் காது குளிர்ந்துபோய், கல்யாணமே நின்றாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

அப்போதுதான் செல்லக்கனி தலை நிமிர்ந்தாள். அவளும் காளிச்சாமி மகள்தானே.

"அப்பா, துரைச்சிங்கம் மச்சான் வீட்டுல அறுபதைத் தாண்டுனவுக யாராவது உண்டா?"

காளிச்சாமி யோசித்தார். இல்லை என்றார்.

"அப்ப அவுகளுக்கு முப்பதுலயே பாதி ஆயுசு முடிஞ்சுபோச்சு. பாதிக் கிழவரைக் கட்டிக்கிட்டு நான் என்னப்பா பண்றது? இவுக ஒரு வயசுப் பிள்ளைதானே. நானே வளத்து ஆளாக்கிக்கிறேன்."

காளிச்சாமி இரண்டு கணக்கையும் மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தார். மகள் சொன்னதுக்குத்தான் எடை கூட இருந்தது. சரி, கட்டுங்கள் என்றார். பொம்முராசு மூன்று முடிச்சும் போட்டான். துரைச்சிங்கம் அங்கிருந்தே திரும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பந்திக்கு நடந்து போனான்.

சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் வேனைக் காணோம். தாலி கட்டினதும் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று மொக்கையன் காலையில் டிரைவரிடம் சொல்லியிருந்தான். அவரும் கோணக்கரைப்பட்டிக்காரர். கெட்டிமேளம் கேட்டதும் காலி வேனை எடுத்துக்கொண்டு சொன்ன வாக்குத் தவறாமல் ஊருக்குப் போய்விட்டார். எல்லோரும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். செல்லக்கனி ஒரு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கேட்டாள்.

அரை டிக்கெட் யாருக்கு என்று கண்டக்டர் கேட்டார். அவள் பக்கத்து சீட்டில் மாலையோடு உட்கார்ந்திருந்த பொம்முராசுவைக் காட்டினாள். நாலாம் நம்பர் தாத்தாவின் மூவாயிரத்தையும், நாற்பதால் வகுத்ததையும் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கண்டக்டர் காதில் சொருகியிருந்த பேனாவை எடுத்து, டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுச் சரிபார்த்தார். பொம்முராசுவின் மீசையை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி மறுத்தார்.

"ஒரு வயசுப் பிள்ளைக்கு டிக்கெட்டே கிடையாதும்மா. ஆனா சீட்டும் கிடையாது. பெரியவுக நிக்கிறாக பாருங்க, எடுத்து மடியில வச்சுக்கங்க."

பொம்முராசு மறுபேச்சுப் பேசாமல் எழுந்து, மாலை கசங்காமல் ஒதுக்கிக்கொண்டு, செல்லக்கனி மடியில் ஏறி உட்கார்ந்தான்.